மூச்சு வாங்கும் காட்சி

என் மகளுக்கு முதன்முதலில் மூச்சு வாங்கியது மெட்ரோ ரயிலில். அவள் பதினோராம் வகுப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஜனக்புரியில் அவளுடைய பயிற்சி வகுப்பு முடிந்து, ஆர்.கே.புரத்திலுள்ள எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மாலைக் கூட்டம். கம்பியைப் பிடித்து நின்றவள் திடீரென்று என் கையைப் பற்றினாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"ம்மா, ஹவா நஹீன் ஆ ரஹீ," என்றாள்.

காற்று வரவில்லை என்பதை அவள் இந்தியில் சொன்னாள். பசி, தாகம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை என்னிடம் தமிழில் சொல்லுவாள். அச்சமும் அழுகையும் அவளுக்கு இந்தியில்தான் வரும். அடுத்த நிலையத்தில் இறங்கி, நடைமேடை இருக்கையில் அவளை உட்காரவைத்தேன். நெடுநேரம் அவள் மார்பு ஏறி இறங்கியது. பிறகு தானாகவே அடங்கியது. "அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். அன்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் தேர்வறையில் அது மீண்டும் வந்தது. பள்ளியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள்.

என் கணவர் அன்பில்லாதவர் அல்லர். இதைப் படிப்பவர்கள் அவரைத் தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை முன்கூட்டியே எழுதிவைக்கிறேன். அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். அலுவலகத்திலிருந்து பாதி நாளில் ஓடிவந்து, மகளை டிஸ்பென்சரிக்கு அழைத்துச் சென்றார். இரத்தம், நெஞ்சு, தைராய்டு என்று எதையும் விட்டுவைக்காமல் சோதித்தார்கள். எல்லா முடிவுகளும் சரியாக இருந்தன. அந்த மகிழ்ச்சியில் அவர் சூடான ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"எல்லாம் நார்மல். தில்லி காத்துதான் காரணம். எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இதே கதை. ஒருத்தர் இருமிட்டே ஃபைல்ல கையெழுத்துப் போடறார், எழுத்தெல்லாம் குதிச்சுக் குதிச்சுப் போகுது," என்றார்.

மகள் சிரித்தாள். ஜிலேபியையும் தின்றாள். டிஸ்பென்சரி மருத்துவர் சொன்ன இன்னொன்றை மகள் எழுந்துபோன பிறகே அவர் என்னிடம் சொன்னார். மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது நல்லது என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

"நான் வேண்டாம்னுட்டேன். நம்ம கார்டுல ஏறிடும். நாளைக்கு இவ பரீட்சை எழுதி கவர்ன்மெண்ட் வேலைக்குப் போறப்போ மெடிக்கல்ல அதைத் தோண்டி எடுப்பான். இல்லாத வியாதிக்கு நாமளே எதுக்குப் பேர் வைக்கணும்?"

அரசாங்க மருத்துவ அட்டையை எங்களைப் போன்ற குடும்பங்கள் எவ்வளவு நம்புகின்றனவோ அவ்வளவு அஞ்சவும் செய்கின்றன. அதில் ஒருமுறை பதிவானது ஓய்வூதியம் வரைக்கும் கூடவே வரும் என்பது குவார்ட்டர்ஸில் எல்லாருடைய நம்பிக்கை. அது உண்மையா என்று யாரும் விசாரித்தது கிடையாது. நானும் விசாரிக்கவில்லை.

அந்த வார இறுதியில் அவர் காற்றைத் தூய்மையாக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து மகளின் அறையில் வைத்தார். காற்று நன்றாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். அவள் கட்டிலின் விளிம்பில் குனிந்து அமர்ந்து மூச்சுக்குத் தவிக்கும் வேளைகளில் அவர் வாசலில் நின்று, "பச்சைதான் எரியுதுடா கண்ணா, பாரு, காத்து சூப்பரா இருக்கு," என்பார். அவர் குரலில் கேலி இராது; ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்தார். அவள் அந்த விளக்கைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

கணவருக்குத் தெரியாமல் நானே ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கலாம். கேட்டும் பார்த்தேன்.

"வேண்டாம்மா. அப்பாவுக்குத் தெரியாமப் போனா அது திருட்டு மாதிரி இருக்கும். அவர் நம்பணும். நான் சும்மா சொல்லலன்னு அவர் நம்பணும். அப்புறம் டாக்டர்கிட்டப் போலாம்," என்றாள்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

அந்தப் பருவத்தில்தான் அவளுடைய பள்ளியில் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். தில்லித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளி அது. மனத்துக்கு வரும் துன்பத்தை வெட்கமின்றிப் பேசலாம் என்று சக மாணவர்களுக்குச் சொல்வதும், தம்மைத் தாமே பேணிக்கொள்ளச் சில எளிய வழிகளைக் கற்றுத் தருவதும் அவர்கள் நோக்கம். பச்சைத் துணியில் வெட்டிய பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். வேப்பமரத்தடியில் கிடந்த பழைய பெஞ்சுக்கு வண்ணம் பூசி, மனம் சரியில்லாதவர்கள் இங்கே வந்து உட்காரலாம், பக்கத்தில் யாராவது வந்து உட்காருவார்கள், பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்று எழுதிவைத்தார்கள்.

பள்ளி நிர்வாகம் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பிள்ளைகள் எதிர்த்துப் போராடியிருப்பார்கள். அனுமதி கொடுத்தே அவர்களை அசைய முடியாமல் செய்துவிட்டார்கள். வகுப்பு நேரத்தில் பெஞ்சில் அமரக் கூடாது; அமர்பவர் யார் என்பதை ஓர் ஆசிரியர் கவனிக்க வேண்டும்; வாரக் கடைசியில் இதையொட்டி அணிகளுக்கிடையே முழக்கப் போட்டியும் சுவரொட்டிப் போட்டியும் நடக்க வேண்டும். முழக்கப் போட்டியில் நீல அணி வென்றது. பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

"ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்கு நேரா பெஞ்ச். எவன் உக்காருவான்? ஒரு அஞ்சாங்கிளாஸ் பையன் உக்காந்தான். போய்க் கேட்டா, ஷூ லேஸ் கட்டறதுக்காம்," என்றாள் மகள். அவளுடைய தோழி, வட்ட முகமும் உரத்த குரலுமாகப் பக்கத்துத் தெருவிலிருந்து நாள்தோறும் வரும் பெண், "அவனுக்கும் பாவம் ஏதோ டென்ஷன்தான் போல ஆன்ட்டி, லேஸ் கட்டவே வரல," என்றாள்.

பெஞ்ச் பயன்படாமற்போனதும் அவர்கள் நாடகத்துக்குத் திரும்பினார்கள். தில்லிக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் வழக்கமாக நடக்கும் தெருநாடகம்: மேடை இல்லை, திரை இல்லை, கறுப்புக் குர்தா அணிந்து வட்டமாக நின்று, டப்லி என்னும் சிறுபறையைத் தட்டிக் கூட்டம் சேர்த்து, பார்ப்பவர்கள் முகத்துக்கு நேரே பேசி நடிப்பது. பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்க வரும் சனிக்கிழமையன்று முற்றத்தில் அதை நடத்துவதாக முடிவாயிற்று.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறப் புல்வெளியில் ஒத்திகை பார்த்தார்கள். நான் தேநீர் கொண்டுபோகும்போது காதில் விழும். பெற்றோர்களுக்காகச் சில வசனங்கள் தமிழில் வேண்டும் என்று மகள் என்னைக் கேட்டாள். நான் தமிழ் முதுகலை படித்தவள்; இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு மெய்ப்புத் திருத்துபவள். ஆர்வத்தோடு எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்தாள்.

"ம்மா, 'என் அகம் அலைக்கழிகிறது'ன்னு சொன்னா அப்பா கவியரங்கம்னு நெனச்சு வாஹ் வாஹ் சொல்லுவார்."

"சரி, நீ எப்படிச் சொல்லுவே?"

அவள் சற்று யோசித்தாள். "எனக்கு உள்ள சரியா இல்லப்பா. நான் சும்மா சொல்லல."

அவ்வளவுதான் அவளுடைய தமிழ். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. என் தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

வசனம் மகளின் சொந்தக் கதை என்பது அவள் தோழிக்கும் குழுவிலுள்ள மற்றவர்களுக்கும் தெரியும். தந்தையின் கண் முன்னால் அதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவள் முதன்மைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "வீட்ல சொன்னா பச்சை லைட்டக் காட்டறார். ஸ்டேஜ்ல சொன்னா அப்பா முழுசாக் கேப்பார். ஸ்டேஜ்ல யார் என்ன சொன்னாலும் கேப்பார்," என்றாள்.

அவள் சொன்னது உண்மை. என் கணவர் தமிழ்ச் சங்கத்தில் பல ஆண்டுகளாக நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பு. இவளை நான்கு வயதில் காலிஃபிளவர் வேடம் போட்டு மேடையில் ஏற்றியவர். மாறுவேடம், குறள் ஒப்புவித்தல், நடனம் என்று இவள் மேடையில் நின்ற ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் நின்று இவளோடு சேர்ந்து உதடசைத்தவர். வீட்டில் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் மனிதர், மேடைக்கு முன்னால் உட்கார்ந்தால் கண் இமைக்க மாட்டார். நானும் அவள் திட்டத்தை நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை குளிர்கால வெயில் முற்றத்தில் இதமாக விழுந்திருந்தது. பெற்றோர்கள் கையில் மதிப்பெண் அட்டையும் தோளில் சால்வையுமாக நின்றார்கள். டப்லி ஒலித்தது. என் கணவர் முன்வரிசைக்கு நகர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நாடகம் நன்றாகவே தொடங்கியது. மதிப்பெண் கேட்கும் மாமாவாக ஒரு பையன் வந்தான், தொண்ணூற்றெட்டு என்று சொன்ன பெண்ணிடம், "மீதி ரெண்டு மார்க்க எலி தின்னுடுச்சா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என் மகள் வட்டத்தின் நடுவுக்கு வந்தாள். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துத் தன் தந்தையைக் கண்டாள். அவரை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு உள்ள சரியா இல்லப்பா. நான் சும்மா சொல்லல."

அதன் பிறகு, ஒத்திகையில் நான் பார்த்தபடி, அவள் திரும்பி மற்றவர்களிடம் நடந்திருக்க வேண்டும். அவள் நகரவில்லை. வாய் திறந்தது. மார்பு ஏறியது, இறங்கவில்லை. கைகள் குர்தாவின் ஓரத்தைத் தேடின. மெட்ரோவில் என் கையைப் பற்றிய அதே விரல்கள்.

தோழி டப்லியைத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடக் கைவிட்டாள் என்பதே பொருந்தும். அது உருண்டு ஒருவர் காலடியில் போய் விழுந்தது. அவள் ஓடிவந்து என் மகளின் எதிரே மண்டியிட்டாள். மகளின் இடக்கையை விரித்துப் பிடித்து, தன் சுட்டுவிரலால் அதன் ஒவ்வொரு விரலையும் மெல்ல வரையலானாள்: விரலின் மேலே ஏறும்போது மூச்சு உள்ளே, இறங்கும்போது மூச்சு வெளியே. குழுவினர் மாணவர்களுக்குக் கற்றுத் தந்த எளிய வழிகளுள் அதுவும் ஒன்று. மற்ற பிள்ளைகளும் வசனத்தை விட்டுவிட்டு அவளைச் சுற்றி அமர்ந்து தம் கைகளை விரித்துக்கொண்டார்கள். முற்றத்தில் ஓசையே இல்லை. மூச்சு மெல்ல மெல்ல அவளிடம் திரும்பியது.

கூட்டம் கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் என் கணவர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் நம்பிவிட்டார் என்றே நான் ஒரு கணம் நினைத்தேன்.

அவர் மகளின் தலையில் கைவைத்தார். "அசத்திட்ட. அந்த மூச்சு வாங்கற எடம் இருக்கே, ப்ரொஃபெஷனல் ஆர்ட்டிஸ்ட் தோத்தான். டயலாக் யாரு, அம்மாவா? சிம்பிளா, நறுக்குன்னு."

"நானே சொன்னதுப்பா," என்றாள்.

"அச்சா. அதான் இவ்ளோ நேச்சுரல். பொங்கல் விழாவுக்கு இதையே போட்டுடறேன். ஹாலே எந்திரிச்சு நிக்கும்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. தோழி டப்லியைத் தேடி எடுத்து, அதன் விளிம்பிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பியதும் நான் அவரிடம் சொன்னேன், அது நடிப்பன்று என்று. அவர் என்னை அன்போடு பார்த்தார்.

"நீ அம்மாவாச்சே, உனக்கு அப்படித்தான் தெரியும். நல்ல நடிப்புன்னா அதுதான். நான் எத்தன வருஷமா ஸ்டேஜப் பாத்துட்டு இருக்கேன்."

நான் கண்டதையே அவரும் கண்டிருந்தார். கண்டதற்கு அவரிடம் முன்பே ஒரு பெயர் இருந்தது.

பொங்கல் விழாவில் நடிக்க மகள் மறுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒப்புக்கொண்டாள். "இன்னொரு தடவ பாத்தா புரியலாம்ல, ம்மா," என்றாள். சங்க அரங்கில் ஒலிபெருக்கியும் வண்ண விளக்குகளும் இருந்தன. மூச்சு வாங்கும் காட்சியில் அவள் வாங்க வேண்டிய இடத்தில் வாங்கினாள், விட வேண்டிய இடத்தில் விட்டாள். எந்தக் குறையும் இல்லை. அது அவளுடையதாகவும் இல்லை. அரங்கம் எழுந்து நின்றது. கேடயம் கொடுத்தார்கள். காரில் வீடு திரும்பும்போது அவர் மட்டும், "ஸ்கூல்ல பண்ணப்போ இன்னும் கொஞ்சம் நல்லா இருந்துச்சு," என்றார். பின்னிருக்கையில் மகள் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தனக்கு முடியவில்லை என்று வீட்டில் சொல்வதையே நிறுத்திக்கொண்டாள். குளியலறைக் கதவு அடைபடும். குழாய் திறந்திருக்கும் ஓசை கேட்கும். வெளியே வரும்போது முகத்தில் நீர் வழியும். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். உள்ளிருந்து, "ஆ ரஹீ ஹூன்," வருகிறேன், என்று இந்தியில் குரல் வரும். வேறெதுவும் செய்யத் தெரியாமல் துண்டை எடுத்து நீட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கரோல் பாகிலிருந்து என் நாத்தனாரும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். பொங்கல் விழாவுக்கு அவர்களால் வர முடியவில்லை. காபி குடித்து முடித்ததும் என் கணவர் மகளை அழைத்தார்.

"அத்தைக்கு அந்த மூச்சு வாங்கறத மட்டும் செஞ்சு காட்டுடா."

"இப்பவாப்பா?"

"ஒரு நிமிஷம்தானே. ஜல்தி."

"காட்டேன்டி. உங்கப்பன் போன்ல பீத்திக்கிட்டே இருந்தான். நாங்க நேர்ல பாக்க வேண்டாமா?" என்றார் நாத்தனார்.

வந்த விருந்தினருக்கு ஒரு பாட்டுப் பாடு என்று குழந்தைகளைக் கேட்பது எங்கள் வீடுகளில் வழக்கம்; பாடித்தான் ஆக வேண்டும். மகள் கூடத்தின் நடுவில், தேநீர் மேசைக்கும் தொலைக்காட்சிக்கும் இடையிலிருந்த சிறு இடத்தில் வந்து நின்றாள். தந்தையைப் பார்த்தாள். வசனத்தைச் சொன்னாள். பிறகு மூச்சு வாங்கத் தொடங்கினாள். முதலில் அது அரங்கில் பார்த்ததைப் போலவே இருந்தது. நாத்தனார், "ஐயோ, தத்ரூபம்," என்றார். அவர் கணவர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கலானார்.

எந்த நொடியில் அது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. விரல்கள் துப்பட்டாவின் ஓரத்தைத் தேடியதைத்தான் கண்டேன். என் கணவர் கைதட்டிக்கொண்டிருந்தார். நான் காபித் தட்டைக் கீழே வைத்தேன். அவள் எதிரில் மண்டியிட்டு, பள்ளி முற்றத்தில் அவள் தோழி செய்ததைப்போல, அவளுடைய இடக்கையை விரித்துப் பிடித்தேன். சுட்டுவிரலால் அவள் கட்டை விரலின் மேல் ஏறினேன், இறங்கினேன். நான் படித்த தமிழிலிருந்து ஒரு சொல்கூட அப்போது என் வாய்க்கு வரவில்லை. விரலை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

கைதட்டல் நின்றுவிட்டது. எனக்கு நடிக்கத் தெரியாது என்பது என் கணவருக்குத் தெரியும்.

"தண்ணி கொண்டா," என்று யாரிடமோ சொன்னார். பிறகு தாமே ஓடிப்போய்க் கொண்டுவந்தார். குவளை தளும்பித் தரையெல்லாம் நீர். மகள் குடித்தாள். நாத்தனாரின் கணவர் கைப்பேசியை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலக் கையிலேயே வைத்திருந்தார்.

"இது எப்போலேர்ந்துடா?" என்று என் கணவர் கேட்டார்.

"ஸ்கூல்ல பாத்தீங்களேப்பா," என்றாள்.

அவர் கீழே அமர்ந்தார், ஈரத்தின்மேலேயே. நான் எதிர்பார்த்திருந்த நாள் அது. அவர் நம்பிவிட்டார். நம்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் மகளும் அத்தனை நாள் நினைத்திருந்தோம். அவர் முகத்தைப் பார்த்தபோது, நம்பியபின் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை என்பதைக் கண்டேன். அதுவரை நாங்கள் இருவர், இப்போது மூவரானோம்.

மருத்துவரைத் தேடியவர் அவரே. எங்கள் டிஸ்பென்சரி வேண்டாம், அங்கே எல்லாரும் அறிந்தவர்கள் என்று ஜனக்புரியில் தனியார் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவைத்தார். மெட்ரோவில் போனோம். வழி முழுவதும் அவர் மகளின் பையைத் தாம் சுமந்துவந்தார். வரவேற்பு மேசையிலிருந்த இளைஞன் நோயாளியின் பெயரைக் கேட்டான். அவர் தயங்கினார். பிறகு தம் பெயரைச் சொன்னார். வயதைக் கேட்டபோது தம் வயதையும் சொன்னார். நான் அவர் தோளைத் தொட்டேன், அவர் திரும்பவில்லை. மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் இடக்கையை மடிமேல் விரித்து, தானே அதன் விரல்களை வரைந்துகொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் அவருடைய பெயரைச் சொல்லி அழைத்தார்கள். நாங்கள் மூவரும் எழுந்தோம்.

"மரீஸ் கௌன் ஹை?" என்றான் இளைஞன். எங்களில் யார் நோயாளி என்பது அவன் கேள்வி.

மகள் வகுப்பில் வருகை சொல்வதுபோலக் கையைச் சற்றே உயர்த்தினாள். அவன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையை அசைத்து உள்ளே விட்டான். ஒருவர் மட்டுமே போகலாம் என்றான். கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் மீண்டும் உட்கார்ந்தோம். பை அவர் மடியில் இருந்தது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை.

"உள்ள எதுல பேசுவா?" என்று கேட்டார்.

"ஹிந்தியிலதான்."

அவர் தலையாட்டினார். பிறகு, "நம்மகிட்ட சொன்னத அங்கயும் அப்படியே சொல்லுவாளா?" என்றார்.

நம்மிடம் அவள் முழுமையாகச் சொன்னது எப்போது என்று நான் எண்ணிப் பார்த்தேன். கதவுக்கு அப்பால் அவள் குரல் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டில் அவள் ஒருசேர அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.